மனை விலை இறங்குமா? காத்திருப்பதா, கடன் வாங்கி வாங்குவதா?



நமது குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன் பேச்சு முடிந்ததும் அடுத்து வருவது மனைப் பேச்சுதான். "சென்ட் விலை இப்படி ஏறிக்கிட்டே போகுதே, நாம எப்ப ஒரு இடம் வாங்குறது?" என்று ஒருவர் கேட்கிறார். "இப்ப வாங்கலைன்னா எப்பவும் வாங்க முடியாது, கடனை உடனை வாங்கியாவது போட்டுரு" என்கிறார் இன்னொருவர். "இவ்வளவு விலை நிக்காது, ஒரு நாள் தடால்னு விழும், அப்ப வாங்கிக்கலாம்" என்று மூன்றாமவர் சொல்கிறார்.

மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சை நம்பி, தொழிலுக்கு வாங்கிய கடனை மனைக்கு அட்வான்ஸாகக் கொடுப்பதும், தாலிக்கொடியை அடகு வைப்பதும் நடக்கின்றன. எனவே மனை விலை ஏன் ஏறுகிறது, எப்போது இறங்கும், அதில் நாம் என்ன செய்யலாம் என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

விலையைக் கூலியில் அளந்து பாருங்கள்

ஒரு மனை விலை அதிகமா குறைவா என்பதை ரூபாயை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்த மனை எத்தனை நாள் கூலி என்று பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக 3 சென்ட் மனை ஒன்று 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (1 சென்ட் என்பது 435.6 சதுர அடி.) ஒரு நாள் கூலி 300 ரூபாய் என்றால், அந்த மனையின் விலை 1,666 நாள் கூலி. ஆனால் கூலி முழுவதையும் சேமிக்க முடியுமா? அரிசி, பருப்பு, பள்ளிக்கூடச் செலவு, மருந்துச் செலவு எல்லாம் போக ஒரு நாளைக்கு 100 ரூபாய் மிச்சம் பிடித்தால், 5,000 நாள் வேலை செய்ய வேண்டும். வருஷத்தில் 250 நாள் வேலை கிடைத்தால் 20 வருஷம் ஆகும். அதற்குள் விலை அங்கேயே நிற்குமா என்ன?

"நம்மால் முடியாது" என்ற ஆயாசம் இதனால்தான் வருகிறது. அது நம் சோம்பலாலோ செலவாளித்தனத்தாலோ வந்ததல்ல. கணக்கே அப்படித்தான் இருக்கிறது.

விலை ஏன் ஏறுகிறது?

நெல்லுக்கும் தக்காளிக்கும் விலை ஏறினால் அடுத்த போகத்தில் அதிகம் பயிரிடுவார்கள், விலை இறங்கும். நிலத்தை அப்படி விளைவிக்க முடியாது. பஸ் போகும் சாலை ஓரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும் இடம் அளவோடுதான் இருக்கும்.

இரண்டாவது காரணம் முக்கியமானது. நம் ஊர் மனையின் விலையை நம் ஊர்க் கூலி தீர்மானிப்பதில்லை. நகரத்தில் சம்பாதிப்பவர், வெளிநாட்டில் வேலை செய்பவர், வியாபாரத்தில் லாபம் பார்த்தவர் எல்லாம் பணத்தைப் பத்திரமாகப் போட்டு வைக்க நிலத்தைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு அது குடியிருக்கும் இடம் அல்ல, பணம் போட்டு வைக்கும் பெட்டி. நாம் குடிசை போட இடம் தேடும்போது, பணப்பெட்டி தேடி வந்தவரோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது காரணம், வாங்கியவர் சும்மா வைத்திருப்பதற்குச் செலவு அதிகம் இல்லை. காலி மனை சோறு கேட்பதில்லை. கல் நட்டு வேலி போட்டுவிட்டு விலை ஏறும் வரை பத்து வருஷம்கூடக் காத்திருப்பார்கள்.

விலை தடாலென்று விழுந்த நாடுகள்

"நிலத்தின் விலை எங்கும் எப்போதும் இறங்காது" என்று புரோக்கர்கள் சொல்வது சரியல்ல. இறங்கியிருக்கிறது.

ஜப்பான் நாட்டில் 1980-களில் நிலத்தின் விலை மளமளவென்று ஏறியது. நிலம் ஒருநாளும் ஏமாற்றாது என்று அங்கேயும் மக்கள் நம்பினார்கள். நிலத்தை அடமானம் வாங்கிக்கொண்டு வங்கிகள் கடனைக் கொட்டின. அந்தக் கடனில் மேலும் நிலம் வாங்கினார்கள். அந்நாட்டு மத்திய வங்கி 1989 மே மாதம் 2.5 சதவீதமாக இருந்த வட்டியை 1990 ஆகஸ்ட்டுக்குள் 6 சதவீதமாக உயர்த்தியது. கடன் வருவது குறைந்தது, வாங்க ஆள் குறைந்தார்கள். 1991-க்குப் பிறகு இறங்கத் தொடங்கிய விலை பத்து வருஷத்துக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்தது.

அயர்லாந்து என்ற சிறிய நாட்டில் 2007 வரை வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது. வங்கிகள் கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்தன. தேவைக்கு மேல் வீடுகள் கட்டினார்கள். 2008-ல் உலகம் முழுவதும் பண நெருக்கடி வந்தபோது கடன் நின்றது. 2013-க்குள் வீட்டு விலை ஏறத்தாழ பாதியாகிவிட்டது. பாதி கட்டிய காலனிகள் ஆளில்லாமல் கிடந்தன.

இந்த இரண்டிலும் ஒரே பாடம்தான். ஏறும்போது கடன் ஏற்றிவிட்டது, கடன் நின்றதும் இறங்கியது. தவணை கட்ட முடியாதவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால்தான் விலை தடாலென்று விழும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விலை இறங்கினாலும் வாங்கிய கடன் இறங்காது. 5 லட்சம் கடன் வாங்கி வாங்கிய இடம் மூன்று லட்சம் ஆனாலும், வங்கிக்குக் கட்ட வேண்டியது 5 லட்சமும் வட்டியும்தான்.

விலை விழுந்தால் நமக்கு நல்லதா?

"விழட்டுமே, நமக்கு மலிவா கிடைக்குமே" என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். நம் குழு உறுப்பினர்களில் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? செங்கல் சூளைக்குப் போகிறவர்கள்? கொத்தனார், பெயிண்டர், வயரிங் வேலை செய்யும் கணவரும் மகனும் இருக்கும் வீடுகள் எத்தனை?

அயர்லாந்தில் வீட்டு விலை விழுந்தபோது முதலில் போனது கட்டட வேலைதான். 2007-ல் வேலை செய்வோர், வேலை தேடுவோர் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 5 பேருக்குத்தான் வேலை இல்லாமல் இருந்தது. 2012-ல் அது நூற்றுக்கு 15 பேர் அளவுக்கு ஏறியது. மலிவாகக் கிடந்த வீட்டை வாங்க வேலையும் இல்லை, கடன் கொடுக்க வங்கியும் இல்லை. கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள்தான் வாங்கினார்கள்.

ஆகவே விலை சரிவு ஏழைக்கு வரும் தள்ளுபடி விற்பனை அல்ல. அந்த நேரத்திலும் சேமிப்பு கையில் இருப்பவருக்குத்தான் அது வாய்ப்பு.

நம் ஊரில் விலை எப்படி இறங்குகிறது?

நம் பக்கம் மனை வாங்குபவர்களில் பலர் சேமிப்பு, நகை, உறவினர் கைமாற்று என்று சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். எல்லோரும் வங்கிக் கடனில் வாங்குவதில்லை. அதனால் எல்லோரும் ஒரே நாளில் விற்க ஓடி வரும் நிலை அரிது. நம் ஊரில் விலை வேறு இரண்டு வழிகளில் இறங்குகிறது.

முதலாவது, சத்தமில்லாத இறக்கம். மனை விலை 5 லட்சத்திலேயே ஏழு வருஷம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே காலத்தில் கூலி 300-லிருந்து 450 ஆகிறது. முன்பு 1,666 நாள் கூலியாக இருந்த மனை, இப்போது 1,111 நாள் கூலி. விலைப் பலகையில் எண் மாறவில்லை. ஆனால் மனை மூன்றில் ஒரு பங்கு மலிவாகிவிட்டது. "விலை இறங்கவே இல்லை" என்று வாங்கியவர் பெருமையாகச் சொல்வார். உண்மையில் அவர் பணத்தின் மதிப்பு கரைந்திருக்கும்.

இரண்டாவது, விலை இருக்கும், வாங்க ஆள் இருக்காது. தமிழ்நாட்டில் இதை 2016-ல் பார்த்தோம். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று உத்தரவிட்டது. இரண்டு மாதத்தில், நவம்பர் 8 அன்று, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று மத்திய அரசு அறிவித்தது. மனை வியாபாரம் படுத்துவிட்டது. மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் உதவும் என்று மனை வாங்கிப் போட்டவர்கள், அவசரத்துக்கு விற்க முடியாமல் தவித்தார்கள். 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, கட்டணம் கட்டி அத்தகைய மனைகளைச் சரிசெய்துகொள்ள வழி செய்த பிறகே நிலைமை மெல்ல மாறியது.

இதிலிருந்து நமக்குத் தெரிவது இதுதான். பொறுத்திருக்க முடிந்தவருக்கு விலை இறங்குவதே இல்லை. அவசரத்துக்கு விற்பவருக்கு விலை அன்றே இறங்கிவிடுகிறது. அவர் "கேட்ட விலைக்கு" கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். ஊர் முழுக்க விலை சரிகிறதா என்பதைவிட, நாம் அவசரத்துக்கு விற்கும் நிலைக்குப் போகாமல் இருப்போமா என்பதுதான் பெரிய கேள்வி.

ஒரு கடன் கணக்கு

5 லட்சம் ரூபாய் மனைக்கு ஒரு உறுப்பினரிடம் 2 லட்சம் இருக்கிறது. மீதி 3 லட்சத்தை வெளியில் 2 வட்டிக்கு வாங்குகிறார். 2 வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய்.

மாத வட்டி மட்டும் 6,000 ரூபாய். வருஷத்துக்கு 72,000. ஐந்து வருஷத்தில் 3 லட்சத்து 60 ஆயிரம். அசல் 3 லட்சம் அப்படியே நிற்கும்! அந்த அசலையும் அடைத்தால், 5 லட்சம் மனைக்கு அவர் கொடுத்த மொத்தப் பணம் 8 லட்சத்து 60 ஆயிரம். பத்திரச் செலவு தனி.

இப்போது மனை விலை வருஷம் 10 சதவீதம் தவறாமல் ஏறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷம் கழித்து அதன் விலை சுமார் 8 லட்சத்து 5 ஆயிரம். அதாவது விலை நன்றாக ஏறினாலும் அவருக்கு நஷ்டம்தான். விலை ஏறாமல் நின்றால் நஷ்டம் 3 லட்சத்து 60 ஆயிரம்.

அதே 3 லட்சத்தை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில், கட்டக் கட்ட அசல் குறையும் முறையில், ஐந்து வருஷத் தவணையாகக் கட்டினால் மாதம் சுமார் 6,673 ரூபாய் வரும். வட்டி மொத்தம் ஏறத்தாழ 1 லட்சம். ஐந்தாம் வருஷ முடிவில் அசலும் தீர்ந்துவிடும். அங்கே 6,000 கட்டி அசல் குறையவில்லை. இங்கே 673 ரூபாய் கூடக் கட்டி முழுக் கடனும் தீர்கிறது.

மனை விலை ஏறுமா இறங்குமா என்பது நம் கையில் இல்லை. எந்த வட்டிக்கு வாங்குகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. நம்மைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் அதுதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

1. குடியிருக்க ஒரு இடம் என்பது தேவை. விலை ஏறினால் விற்கலாம் என்று வாங்குவது வியாபாரம். குடியிருக்க வாங்குபவர் விலை இறங்கினாலும் கூரையின் கீழ் இருப்பார். வியாபாரத்துக்கு வாங்குபவருக்கு அந்த ஆறுதல் இல்லை. கடன் வாங்கி மனை வியாபாரம் செய்வது நமக்கு வேண்டாம்.

2. வீட்டில் உள்ள எல்லாத் தவணைகளையும் கூட்டுங்கள். குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ், நகைக் கடன், வண்டிக் கடன் எதையும் விடாதீர்கள். மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் வாங்கும் குடும்பத்தின் மொத்தத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி செய்தது. அது கடைசி எல்லை. நாம் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

3. தொழில் கடனை மனைக்குத் திருப்பாதீர்கள். கறவை மாடு பால் கொடுக்கும், தையல் மெஷின் கூலி கொடுக்கும், அதில் தவணை கட்டலாம். காலி மனை தவணை கட்டாது.

4. கையில் ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவுக்கும் தவணைக்கும் பணம் வைத்துக்கொண்டு மீதியில் வாங்குங்கள். அவசரத்துக்கு விற்கும் நிலையிலிருந்து நம்மைக் காப்பது இந்தப் பணம்தான்.

5. "நாளைக்கு விலை ஏறிடும், இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது.

6. உங்கள் பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலோ பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023-ல் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை என்று 1.4.2025 முதல் அமலுக்கு வந்தது. 5 லட்சத்துக்கு 5,000 ரூபாய் மிச்சம். பணத்தைவிடப் பெரிய லாபம், சொத்து உங்கள் பெயரில் இருப்பது.

பத்திரத்தைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்

நல்ல பத்திரம் உள்ள மனையின் விலை இறங்கினால் திரும்ப ஏற வாய்ப்பு உண்டு. வில்லங்கமான மனையின் விலை ஒரே நாளில் பூஜ்யம் ஆகிவிடும். எனவே இவற்றைக் கட்டாயம் பாருங்கள்.

* தாய்ப்பத்திரம் முதல் இப்போதைய பத்திரம் வரை தொடர்ச்சி இருக்கிறதா? விற்பவர் பெயரில் பட்டா இருக்கிறதா?

* வில்லங்கச் சான்று எடுத்தீர்களா? பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். படித்த பிள்ளைகளின் உதவியைக் கேளுங்கள்.

* மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. அங்கீகாரம் உண்டா? "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று தலைவர் கையெழுத்தை மட்டும் காட்டினால் நம்ப வேண்டாம்.

* 500 சதுர மீட்டருக்கு (சுமார் 12 சென்ட்) மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர் ரெரா ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். 2016-ல் வந்த அந்தச் சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது.

* புறம்போக்கு, கோயில் நிலம், பஞ்சமி நிலம், ஏரி வாய்க்கால் இடம் அல்ல என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

பட்டா மனை ஏற்கனவே இருக்கிறதா?

நம் உறுப்பினர்களில் பலருக்கு நத்தம் பட்டாவோ, இலவச வீட்டுமனைப் பட்டாவோ இருக்கிறது. அவர்கள் புது மனை தேடிக் கடன்படுவதைவிட, இருக்கும் இடத்தில் உறுதியான வீடு கட்டுவதே முதல் வேலை. ஊரகப் பகுதிக் குடிசைகளுக்குப் பதிலாக 360 சதுர அடியில் வீடு கட்ட 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வழங்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைத் தமிழக அரசு 2024-ல் அறிவித்தது. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டமும் உண்டு. இந்த வருஷம் உங்கள் ஊராட்சிக்கு என்ன ஒதுக்கீடு, யார் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் கிராம சபையிலும் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் குழுவாகப் போய்க் கேளுங்கள். மனையே இல்லாதவர்கள் வீட்டுமனைப் பட்டா கேட்டுத் தாசில்தாரிடம் மனுக் கொடுக்கலாம்.

முடிவாக

மனை விலை என்றைக்கு இறங்கும் என்று நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. சொல்பவர் ஒன்று விற்க வந்தவர், இல்லையென்றால் ஜோசியம் சொல்பவர். இறங்கும் என்று நம்பிச் சேமிக்காமல் இருப்பதும் தப்பு. ஏறும் என்று நம்பிக் கந்துவட்டியில் விழுவதும் தப்பு. விலை ஏறினாலும், நின்றாலும், இறங்கினாலும் நம் குடும்பம் தவணை கட்டி, சாப்பிட்டு, பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியுமா? முடியும் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் சேமிப்பைக் கூட்டிக்கொண்டே காத்திருங்கள். அந்தக் காத்திருப்பு வீண் போகாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* நம் ஊரில் 3 சென்ட் மனை இன்று எத்தனை நாள் கூலி? ஐந்து வருஷத்துக்கு முன் எத்தனை நாள் கூலி?

* நம் குழுவில் மனைக்காக வெளிக்கடன் வாங்கியவர்கள் யார் யார்? மாதம் எவ்வளவு வட்டி போகிறது? அதைக் குறைந்த வட்டிக்கு மாற்றக் குழு உதவ முடியுமா?

* சொந்த மனையோ பட்டாவோ இல்லாத உறுப்பினர்கள் எத்தனை பேர்? அவர்களுக்காகச் சேர்ந்து மனுக் கொடுக்கலாமா?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.